எதிர்ச்சாரி மரம்

அன்புள்ள சின்னதின் அப்பாவுக்கு,

நானும் சின்னதும் சுகமாக இருக்கிறோம். உங்கள் முதுகுவலி போனில் கேட்கும்போதெல்லாம் குறைந்துதான் இருக்கிறது, அதனால் நான் நம்புவதில்லை. தைலத்தை வாங்கி வைத்தால் போதாது, தேய்க்கவும் வேண்டும். சின்னதுக்கு முன்பல் விழுந்துவிட்டது. சிரிக்கச் சொன்னால் வாயைப் பொத்திக்கொள்கிறாள்.

போனில் சொல்ல வாய் வராத விஷயம் ஒன்று இருக்கிறது, அதற்குத்தான் இந்தக் கடிதம். நம் தெருவை அகலமாக்குகிறார்கள். கூடவே மழைநீர் வடிகாலும் வருகிறது. எதிர்ச்சாரியில் டிரைவர் வீட்டு வாசலில் நிற்கிறதே தூங்குமூஞ்சி மரம், அதை ஒட்டித்தான் பள்ளம் தோண்டுவதாக இருந்தது. மரத்தை வெட்டமாட்டோம் என்று சொல்லி, அடிமரத்தைச் சுற்றிப் பலகை கட்டி, அதற்குப் பச்சை வண்ணமும் அடித்துவிட்டுப் போனார்கள். நாங்களும் நிம்மதியாக இருந்தோம்.

பிறகு தெரு வேலையைப் பார்க்கும் இன்ஜினியர் அம்மா வந்தார். பலகையைப் பார்த்ததும் அவருக்குச் சிரிப்பு ஒரு பக்கம், கோபம் ஒரு பக்கம். ஓர் எட்டு தள்ளிப் பள்ளம் தோண்டினால் வேர் போய்விடும், அடுத்த பெருங்காற்றில் மரம் சாய்ந்து பலகை மட்டும் நிற்கும் என்றார். கிளை எதுவரை போகிறதோ அதுவரை மண்ணைத் தொடக்கூடாதாம், ஜல்லிகூடக் கொட்டக்கூடாதாம். வரைபடத்தில் மரத்தை வெறும் புள்ளியாகப் போட்டது தங்கள் ஆபீஸ் தவறு என்று அவரே ஒப்புக்கொண்டார். டிரைவருக்கு இது எதுவும் பிடிக்கவில்லை. வேன் மேல் இலை கொட்டுகிறது, போனால் போகட்டும் என்று முறைத்துக்கொண்டு நின்றார்.

வடிகாலை நம் பக்கம் திருப்புவதுதான் ஒரே வழி. தெருவில் அதற்கு இடமில்லை, நம் முன்வாசல் நிலத்தில் ஒரு பட்டை கொடுக்க வேண்டும். விருப்பமில்லை என்றால் வற்புறுத்தமாட்டோம், பழையபடியே தோண்டிக்கொள்வோம் என்றார். யோசிக்க அவகாசமும் கொடுத்தார். அதற்குள் நீங்கள் போனில் பேசினீர்கள், நானும் பேசினேன், இதை மட்டும் பேசவில்லை.

சரி என்று சொல்லிவிட்டேன். செல்போன் ரிப்பேர் கடைக்கென்று நீங்கள் செங்கல் நட்டு அடையாளம் வைத்துவிட்டுப் போன இடம்தான் அது.

டிரைவர் வீட்டு மரத்துக்கு நீ ஏன் கொடுத்தாய் என்று கேட்பீர்கள். சாயங்காலம் அந்த இலைகள் கூம்பும்போது நான் தையல் மெஷினை நிறுத்துவேன். அப்போது நீங்கள் இருக்கும் நாட்டில் நடுப்பகல். சாப்பிட்டிருப்பாரா என்று சன்னலோரம் உட்கார்ந்து நினைத்துக்கொண்டுதான் எழுந்து விளக்கைப் போடுவேன். எனக்கு உங்களோடு இருக்கும் நேரம் அதுதான். அதில் பள்ளம் தோண்ட விட மனசு வரவில்லை.

கடை கட்டக் கையில் கொஞ்சம் சேர்ந்ததும் வந்துவிடுகிறேன் என்று ஒவ்வொரு வருஷமும் சொல்கிறீர்கள். இப்போது கட்ட இடமே இல்லை. இனி ஊருக்கு எதற்குப் போவது என்று நீங்கள் நினைத்துவிடுவீர்களோ என்றுதான் எனக்குப் பயம். முன்னறையில் மெஷினை மூலைக்குத் தள்ளிவிட்டேன், உங்கள் ரிப்பேர் மேசை தாராளமாகப் பிடிக்கும். கோபம் இருந்தால் போனில் திட்ட வேண்டாம், பதிலிலும் எழுத வேண்டாம். நேரில் வந்து திட்டுங்கள்.

என்றும் உங்கள்,
சின்னதின் அம்மா