முதலாளி காரின் முன் சீட்

1996 மார்ச் 12, செவ்வாய்

வீடு தேடிப் போய்க் கார் கழுவும் என் தொழிலுக்கு இன்றுதான் பெரிய இடம் கிடைத்தது. பீளமேட்டில் ஒரு மில் முதலாளி வீடு, நான்கு கார்கள். பிடித்துப்போனால் வாராவாரம் வேலை.

வெளியே கழுவி முடித்ததும் முதலாளி கேட்டார்: "தம்பி எந்தூருங்க?" ஊரையும் தெருவையும் மறைக்காமல் சொன்னேன்.

"உள்ளே தொடைக்கறப்ப சீட்டுல பேப்பர் விரிச்சு உக்காரு கண்ணு," என்று ஒரு பழைய பேப்பரை நீட்டினார். என் உடுப்பு காய்ந்துதான் இருந்தது. தெருதான் அவருக்கு அழுக்கு.

"பேப்பர் கண்ணாடி தொடைக்கறதுக்குங்க. உக்கார்றதுக்குத்தான் சீட்டுங்க," என்றேன். வேலை போனால் போகட்டும்.

பேப்பரைக் கசக்கி முன் கண்ணாடியைப் பளிச்சென்று துடைத்தேன். பிறகு சீட்டில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்து கூரையைத் துடைத்தேன். நான் கிளம்பும்போது முதலாளி, "அடுத்த வாரம் நேரத்துலயே வந்துரு," என்றார்.

போவேன். உட்காரவும் செய்வேன்.