வரிக்காரனின் தொப்பி

மல்வேர்ன்,
11.02.2024

அன்பின் தில்லைக்கு,

என் கையெழுத்து உனக்கு அடையாளம் தெரியாமல் போயிருக்கலாம். ஆகவே முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பள்ளிக்கூடத்தில் ஏழு வருடம் ஒரே வாங்கில் உன் பக்கத்தில் இருந்த நவரட்ணம் எழுதுகிறேன். நீயும் யோகமலரும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நான் முழங்காலைத் திட்டிக்கொண்டு பனியைத் தள்ளுகிறேன்.

மல்வேர்னுக்கும் விட்பிக்கும் இடையில் அரை மணித்தியாலக் கார் ஓட்டம், அதற்குள் தபாலா என்று சிரிப்பாய். எனக்கு இரண்டு காதும் போய்விட்டன. மெஷின் போட்டாலும் போனில் வண்டு இரைகிற சத்தம்தான். “ரெக்ஸ்ட் பண்ணுங்கோ அப்பா” என்கிறாள் மகள் நிலாணி. பெருவிரலால் தட்டி உன்னோடு கதைக்க எனக்கு மனம் வரவில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். மே மாதம் ஸ்காபரோவில் எங்கள் பழைய மாணவர் சங்கத்தின் ஆண்டு விழா. 1973இல் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் நாங்கள் போட்ட ‘தேயிலைத் துறைமுகம்’ நாடகத்தை மறுபடி மேடையேற்றப் போகிறார்கள். மற்றக் காட்சிகளில் இங்கே பிறந்த பிள்ளைகள் நடிப்பார்கள். கடைசிக் காட்சிக்கு மட்டும் பழைய ஆட்களே வேண்டும் என்று செயலாளர் ஸ்ரீதரன் ஒற்றைக்காலில் நிற்கிறான்.

நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. இங்கிலாந்து ராசா போட்ட தேயிலை வரியை எதிர்த்து அமெரிக்காக்காரர் பெட்டி பெட்டியாகக் கடலில் கொட்டி இருநூறு வருடம் என்று, கிளிபோட் மாஸ்டர் சரித்திர பாடத்தையே நாடகமாக்கினார். கூட்டுறவுச் சங்கக்கடையில் வெறும் பெட்டிகளை இரவல் வாங்கி, தேயிலைக்குப் பதிலாகப் பூவரசம் சருகை நிரப்பினோம். நீ ராசாவின் வரி அதிகாரி. உன் அம்மா பழைய குடைத்துணியில் தைத்துத் தந்த மூன்று மூலைத் தொப்பி உன் தலையில். நான் கிளர்ச்சிக்காரரின் தலைவன். கடைசியில் சனம் உன்னைப் பிடித்து உலுப்பும். நீ தொப்பியைக் கழற்றி, “எனக்காகப் பேச இங்கே ஒருவர்கூட இல்லையா?” என்று கேட்பாய். நான் முன்னுக்கு வந்து ஒரு வசனம் சொல்வேன். அத்தோடு திரை.

அந்த வசனம்தான் எவ்வளவு யோசித்தும் ஞாபகம் வரவில்லை. மாஸ்டர் நாடகத்தை எழுதிய கொப்பி உன்னிடம் இருக்கிறதாம். பிரதி எடுத்து அனுப்புவாயா? நீயும் நடிக்க வருவாயா?

அன்புடன்,
நவம்

விட்பி,
24.02.2024

நவத்துக்கு,

கடிதம் கிடைத்தது. உறையைக் கண்டதுமே நீ என்று தெரிந்துவிட்டது. இன்னமும் எழுத்தெல்லாம் இடது பக்கம் சரிந்துதான் கிடக்கிறது.

கொப்பி இருக்கிறது. அக்கா கடைசியாகக் கொழும்பிலிருந்து வந்தபோது கொண்டுவந்து தந்தா. பதினொரு தாளைப் பிரதி எடுத்து இதோடு வைத்திருக்கிறேன். நீ ஒன்றை எழுதாமல் விட்டுவிட்டாய். ஒத்திகையின் இரண்டாம் நாள் பெட்டியைக் கவிழ்த்தபோது சருகோடு ஒரு தேள் விழ, கிளர்ச்சிக்காரர் அத்தனை பேரும் ராசாவின் ஆளுக்குப் பின்னால் ஓடி ஒளிந்தீர்களே! கிளிபோட் மாஸ்டர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

மாஸ்டர் எங்களுக்குச் சொல்லாத ஒன்றைப் பிறகு இங்கே நூலகத்தில் வாசித்தேன். அந்த வரிச் சண்டை முற்றிப் புரட்சியாக வெடித்தபோது ராசாவின் பக்கம் நின்றவர்களை அயலவரே அடித்துத் துரத்தினார்களாம். அவர்களில் கனபேர் வீடு வாசலை விட்டு ஓடிவந்தது இந்த ஒன்ராறியோவுக்குத்தான். நான் நடித்த வரிக்காரனும் தப்பியிருந்தால் எனக்கு முதலே இங்கே வந்து பனி தள்ளியிருப்பான்.

கடைசி வசனம் உள்ள பன்னிரண்டாம் தாள் என்னிடமே இருக்கட்டும். நவம், உனக்கு அந்த வசனம் மறந்துவிட்டது என்றால் நான் நம்பமாட்டேன். இந்த நாட்டுக்கு வந்த முப்பது வருடமாகக் கலியாணவீட்டிலும் செத்தவீட்டிலும் எதிர்ப்படுகிறோம். “எப்பிடிச் சுகம்?” “பறவாயில்லை.” அவ்வளவுதான் எங்கள் கதை. என் இடது கையில் இரண்டு விரல் இன்னும் மடங்காது. அதையும் ஒரு நாள் பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பினாய்.

என்ன நடந்தது என்று நீயே உன் கையால் எழுது. எழுதினால் நடிப்பதைப் பற்றி யோசிப்பேன். எழுதாவிட்டால் ஸ்ரீதரன் வேறு வரிக்காரனைத் தேடட்டும்.

தில்லையம்பலம்

மல்வேர்ன்,
17.03.2024

தில்லை,

மூன்று கிழமையாக எழுதிக் கிழித்துக்கொண்டிருந்தேன். இதையும் கிழிக்க முதல் முத்திரை ஒட்டிவிட வேண்டும்.

நாடகம் முடிந்த மறுநாளே உனக்கு ‘வரிக்காரன்’ என்று பட்டம் வைத்தவன் நான். எங்கள் ஊரில் ஒருவருக்குப் பட்டம் ஒட்டினால் அது அவர் சாகுமட்டும் உரியாது. உன்னைத் தேடி வருகிறவர்கள்கூட வரிக்காரன் வீடு எது என்றுதான் கேட்பார்கள்.

எண்பத்தாறாம் ஆண்டு, ஆவணி மாதம். சந்தித் தேநீர்க் கடையில் இருந்தேன். நீ சைக்கிளில் வந்து இறங்கினாய். நான் வழக்கம்போல உரத்த குரலில், “என்ன வரிக்காரா, இண்டைக்கு வசூல் எப்பிடி?” என்றேன். “குறைவு மச்சான், சனம் கஞ்சம்” என்று நீயும் பகிடிக்குச் சொன்னாய். வாசலில் இரண்டு அறிமுகமில்லாத பெடியள் நின்றதை நாங்கள் கவனிக்கவில்லை. ஒவ்வொரு ஆயுத இயக்கமும் மற்ற இயக்கத்துக்கு வரி சேர்ப்பவனைத் தேடித்திரிந்த காலம் அது. கொஞ்ச நேரத்தில் அவர்களின் ஆட்களோடு ஒரு வான் வண்டி வந்து நின்றது. உன் சட்டைக் கொலரில் பிடித்து, “ஆருக்கடா வரி எடுக்கிறாய்?” என்று கேட்டார்கள். பிறகு கடைக்குள் பார்த்து, “உவனுக்காகக் கதைக்க ஆரும் இருக்கிறீங்களோ?” என்றார்கள்.

நீ என்னைப் பார்த்தாய். பார்த்துக்கொண்டே கையைத் தலைக்குக் கொண்டுபோனாய். வியர்வை துடைக்கிறாய் என்று மற்றவர்கள் நினைத்திருப்பார்கள். நீ தொப்பியைக் கழற்றுகிறாய் என்று எனக்குத் தெரிந்தது.

“அது பள்ளிக்கூட நாடகத்திலை வந்த பட்டம் தம்பி” என்று சொல்லியிருந்தால் போதும். நான் தேநீரைக் குனிந்து பார்த்துக்கொண்டு இருந்தேன். பயம்தான் தில்லை, வேறொன்றுமில்லை. உன்னைப் பத்தொன்பது நாள் வைத்திருந்தார்கள். உன் அம்மா என்னிடம் வந்து, “நீ அப்ப அங்கை நிண்டனியோ ராசா?” என்று கேட்டா. இல்லை என்றேன். அவ கண்ணை மூடும் மட்டும் அதை நம்பிக்கொண்டிருந்தா.

வசனம் மறந்துவிட்டது என்றது பொய். “எனக்கு இவரைத் தெரியும். வரி கேட்டவர்தான், ஆனால் என் அயலவர். இவர்மேல் கை வைப்பதென்றால் முதலில் என்மேல் வையுங்கள்.” இந்த முப்பத்தெட்டு வருடத்தில் இதை நான் மனதுக்குள் சொல்லாத நாளில்லை.

மன்னி என்று கேட்க எனக்கு வாய் இல்லை. நீ வராவிட்டால் நானும் நடிக்கமாட்டேன்.

நவம்

விட்பி,
06.04.2024

அன்பின் நவம்,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. முதல் நாள் கோபத்தில் மேசை லாச்சிக்குள் தள்ளிப் பூட்டினேன். அம்மாவிடம் நீ இல்லை என்று சொன்னது எனக்குத் தெரியாது. அது ஆற இன்னும் நாள் செல்லும். மறைக்காமல் சொல்கிறேன்.

ஆனால் நான் தலைக்குக் கை வைத்ததை நீ கண்டாய் என்றும் எனக்குத் தெரியாது. இவ்வளவு காலமும் நீ கவனிக்கவில்லை, உனக்கு விளங்கவில்லை என்றுதான் நினைத்திருந்தேன். விளங்கியும் சொல்லவில்லை என்பது அதைவிட மோசம்தான். இருந்தும், அந்தக் கடையில் என்னை விளங்கிக்கொண்ட ஒருவன் இருந்தான் என்பது ஏனோ மனதுக்கு ஆறுதலாக இருக்கிறது. இதற்கு என்ன நியாயம் என்று கேட்காதே.

என் விரல்களைப் பற்றி யோகமலரிடம் சைக்கிளால் விழுந்தது என்றுதான் சொல்லி வைத்திருந்தேன். நேற்று உன் கடிதத்தை வாசிக்கக் கொடுத்தேன். வாசித்துவிட்டு எழும்பிப் போனாள். பின்னேரம் பார்த்தால் டொலர் கடையில் வாங்கிய கறுப்புக் குடையை வெட்டித் தைத்துக்கொண்டிருக்கிறாள். “மூண்டு மூலை எண்டால் எப்பிடியப்பா? கீறிக் காட்டுங்கோ” என்றாள். கீறிக் காட்டினேன்.

ஸ்ரீதரனுக்கு நாங்கள் வருகிறோம் என்று சொல்லு. பன்னிரண்டாம் தாளை அனுப்பவில்லை. அது உனக்குத் தேவையில்லை.

உனக்குக் காது கேளாது என்று பயப்படாதே. நான் கேட்பது உனக்குக் கேட்கத் தேவையில்லை. நான் உன்னைப் பார்த்துத் தொப்பியைக் கழற்றுவேன். சனத்துக்குக் கேட்கிற மாதிரி உரத்துச் சொல்லு.

உன்,
வரிக்காரன்