தெரியாத பேரில் போன பணம்

ஆகஸ்ட் 12, செவ்வாய்

வெயில். ஆடி முடியப் போகிறது, காற்று மட்டும் ஓயவில்லை. கடை முழுக்கப் புழுதி. இரண்டு மோட்டாருக்குக் காயில் கட்ட வேண்டும், ஒன்றுதான் முடிந்தது.

வாங்க: காப்பர் கம்பி, அடுப்படிக்கு பல்பு, செல்விக்கு பி.பி. மாத்திரை.

மதியம் பாஸ்புக் பதிந்து வந்தேன். ஏதோ ஒரு கம்பெனி பேரில் நாலாயிரத்துச் சொச்சம் போயிருக்கிறது. கேள்விப்பட்டதே இல்லை. எவனோ கார்டில் கை வைத்துவிட்டான். பக்கத்துக் கடை முருகனிடம் காட்டினேன். "அண்ணே, ஓ.டி.பி. எதுவும் சொன்னீகளா?" சொல்ல நான் என்ன கிறுக்கனா? நாளைக்கு பேங்கில் ஒரு பிடி பிடிக்க வேண்டும்.

ஆகஸ்ட் 13, புதன்

பிடித்தேன். பேங்கே திரும்பிப் பார்த்தது. "திருட்டுப் பயலுக்கு என் பணத்த எடுத்துக் குடுத்துட்டு உக்காந்திருக்கீங்களா?" கவுண்டர் பெண் பொறுமைசாலி. கம்ப்யூட்டரில் தேடிப் பார்த்துவிட்டு, குரலை இறக்கிச் சொன்னாள்: "சார், இது வரன் பாக்குற வெப்சைட்டோட கம்பெனி. போன வருசம் நீங்களே கட்டியிருக்கீங்க. வருசா வருசம் தானா எடுத்துக்கும். வீட்ல பொண்ணுக்குப் பாக்குறீங்களா?"

பார்த்தோம். சுகன்யாவுக்கு. கார்த்திகையில் காய்ச்சல் என்று படுத்தாள். ஒரே வாரத்தில் என் மகள் போய்விட்டாள்.

எழுதிக் கொடுத்த புகாரைத் திருப்பி வாங்கிக் கிழித்துப் போட்டேன். அந்தப் பெண்ணிடம் மன்னிப்புக் கேட்டேனா, நினைவில்லை. கேட்டிருக்க மாட்டேன்.

ஆகஸ்ட் 14, வியாழன்

கடை திறக்கவில்லை. செல்வியிடம் சொல்லிவிட்டேன். கட்டின பெண்டாட்டி, எப்படியும் என் மூஞ்சியைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவாள்.

போனில் அந்தப் பக்கத்தைத் திறந்தோம். நீலச் சேலை போட்டோ. கீழே நான் எழுதியது: 'அடக்கமான, குடும்பப் பாங்கான பெண்.' அன்றைக்கு சுகன்யா அதைப் படித்துவிட்டு, "யாருப்பா அந்தப் பொண்ணு?" என்று கேட்டாள், கழுதை.

வயது இருபத்தெட்டு என்று இருக்கிறது. இருபத்தேழில் போனவள். பிறந்த தேதியை வைத்து அதுவே கூட்டிக்கொள்ளும் போல. செல்வி அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். "இதுல மட்டும் புள்ளைக்கு வயசு ஏறுதுங்க. அழிச்சுப்புடாதீங்க. பணம் போனா போகுது."

சரி என்றேன். எனக்கும் மனசில்லை. சாப்பிடவில்லை இரண்டு பேரும்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

ஆவணி பிறந்தது. காலையிலேயே போன். அந்தப் பக்கத்தைப் பார்த்துவிட்டு யாரோ ஒரு வாடிப்பட்டிக்காரர். "அண்ணே, உங்க பொண்ணு ஜாதகம் எங்க மயனுக்கு அம்சமா பொருந்துது. ஆடி போகட்டும்னுதான் பேசாம இருந்தோம். எப்ப வந்து பாக்கலாம்?" நல்ல மனிதர், குரலிலேயே தெரிந்தது. போனைச் செல்வியிடம் நீட்டினேன்.

வாங்கிச் சொன்னாள்: "பொண்ணு இல்லண்ணே. தவறிட்டா."

"தெரியாமக் கூப்பிட்டுட்டேன் தாயி, மன்னிச்சுக்க" என்றார்.

அடுப்படியில் போய் அழுதாள். நானும்தான். சாயங்காலம் அவளே வந்து, "எடுத்துருங்க. ஊர்ல உள்ளவுக எல்லாம் ஆசையா ஜாதகத்தத் தூக்கிட்டு அலையுறாக, பாவம்" என்றாள்.

ஆகஸ்ட் 18, திங்கள்

லேசாகத் தூறல். மண்ணைக்கூட நனைக்கவில்லை.

அந்தக் கம்பெனிக்குப் போன் போட்டேன். வெகுநேரம் பாட்டு. அப்புறம் ஒரு சின்னப் பெண் குரல். "எதுக்காக சார் எடுக்குறீங்க? எங்க மூலமா வரன் அமைஞ்சுதா, வெளிய அமைஞ்சுதா?"

வேறு காரணமே இருக்காது என்பதுபோல் கேட்டாள். செல்வி நேற்றுச் சொன்ன சொல்லைச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை.

"வெளிய."

"வாழ்த்துகள் சார்! மாப்பிள்ளைக்கு எந்த ஊரு?"

"சோழவந்தான்."

ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை. வாயில் வந்துவிட்டது. பக்கத்தை எடுத்துவிட்டார்கள். கட்டின பணம் திரும்ப வராதாம்.

செல்வி பக்கத்தில் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். எல்லாவற்றையும் கேட்டிருப்பாள். திட்டப் போகிறாள் என்று நினைத்தேன்.

தலை நிமிராமல் சொன்னாள்: "சோழவந்தான்னா கிட்டத்தான். நெனச்சா ஒரு எட்டு போய்ப் பாத்துட்டு வந்துரலாம்."