பதில் பாட்டு

ஹாக்ஸ்பி

அன்புள்ள அப்பாவுக்கு,

முழங்கால் வலி தேவலையா? கார்ன்வாலில் மழை விட்டதா? நான் சௌக்கியம். போன கடிதத்துக்கும் உங்கள் பதில் வரவில்லை.

இங்கே ஹாக்ஸ்பியில், ஆற்றுக்கு அக்கரையில் இருந்த கால்பந்து கிளப் கடனில் மூழ்கியது. நீதிமன்றம் போட்ட நிர்வாகியாலும் காப்பாற்ற முடியாமல் மூடிவிட்டார்கள். எனக்கு வாடகைக்கு வீடு விட்டிருக்கும் நார்மன் இக்கரைக் கிளப்பின் ரசிகர்; அவருக்கு அவர்கள் ஜென்மப் பகை. சனிக்கிழமை, பந்தயம் நடந்திருக்க வேண்டிய நேரத்தில், அவர்கள் மைதானத்தின் பூட்டிய கேட் முன்னால் நானும் நார்மனும் நின்று வழக்கமான வசைப்பாட்டைப் பாடினோம். ஒரு வரி முடிந்ததும், எதிர்க்கூட்டம் திருப்பிப் பாடுவதற்காகப் பழக்கத்தில் நிறுத்தினோம்.

உள்ளே சத்தமே இல்லை.

"வாயத் தொறங்கடா, பயந்தாங்கொள்ளிகளா" என்றார் நார்மன். காத்திருந்தார். பிறகு அவரைத் திட்டும் அந்தப் பதில் வரியை அவரே மெல்லப் பாடினார். ஒரு சொல் பிசகவில்லை.

என் கம்பளி மஃப்ளரை அனுப்புங்கள். கூடவே இரண்டு வரி எழுதுங்கள். திட்டியாவது எழுதுங்கள், அப்பா.

தபால் எடுக்க ஆள் வந்துவிட்டான்.

டெரன்ஸ்