எட்டு டம்ளரில் வெங்காயம்

அக்டோபர் 5, ஞாயிறு

காலையில் தூறல். எட்டு டம்ளர், எட்டு சின்ன வெங்காயம். காய்ந்த பழைய வேரைப் பிளேடால் சுரண்டியாயிற்று. அடி மட்டும் தண்ணீரில் படும்படி ஈர்க்குச்சி குத்தி நிறுத்தினேன். கூடத்து ஜன்னலில் வரிசை.

காரணம்: வெள்ளிக்கிழமை அரியலூரில் பள்ளிகளுக்கான அறிவியல் கண்காட்சி. எங்கள் தலைப்பு குரோமோசோம். மற்றவர்கள் தெர்மாகோலில் செய்வார்கள். நானும் என் வகுப்பு ரேவதியும் நிஜத்தையே காட்டப் போகிறோம். வேர் நுனியில் செல்கள் ஓயாமல் பிரிகின்றன. பிரியும்போதுதான் குரோமோசோம் தனித்தனியாகத் தெரியும். வெங்காயத்துக்குப் பதினாறு. புத்தகத்தில் படித்தது. கண்ணால் பார்த்ததில்லை. பார்க்க வேண்டும்.

அம்மா: "டம்ளர் பூராத்தையும் வெங்காயத்துக்குக் குடுத்துட்டா நாங்க எதுலடி காபி குடிக்கிறது?"

சொம்பில் குடித்தார்கள்.

அப்பா கவனிக்கவில்லை. களத்தில் வெங்காயம் சேமிக்கிற பட்டறைக்குக் கீற்று மாற்றிக்கொண்டிருந்தார். இந்த வருஷத்து வெங்காயம் முழுவதும் அந்தப் பட்டறைக்குள்தான். ஈரம் பட்டால் வேர் விடும், வேர் விட்டால் வியாபாரி தொடமாட்டார். பெரிய மழைக்குள் விற்றாக வேண்டும். "பள்ளிக்கூட வேலைப்பா" என்று ஜன்னலைக் காட்டினேன். "ம்" என்றார், மேகத்தைப் பார்த்தபடி.

அக்டோபர் 7, செவ்வாய்

புழுக்கம். வேர் வந்துவிட்டது! வெள்ளை வெளேரென்று, தாத்தா தாடி மாதிரி.

இரண்டை மட்டும் ஒத்திகைக்குப் பள்ளிக்கு எடுத்துப் போனேன். நுனியை வெட்டு, அமிலத்தில் போடு, சிவப்புச் சாயம் ஏற்று, மேலே மெல்லிய கண்ணாடி வை, கட்டைவிரலால் நசுக்கு. முதல் கண்ணாடி உடைந்தது. இரண்டாவதும். மூன்றாவதில் வட்டமாக ஒன்று தெரிந்தது. பென்சிலால் அழகாக வரைந்து, பாகம் குறித்தேன். தாவரவியல் டீச்சர் பார்த்துவிட்டு, "இது காத்துக் குமிழிம்மா. நல்லா வரஞ்சிருக்க" என்றார்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் அப்பா களத்தில், அம்மா அடுப்படியில். ஜன்னல் காலி.

நடந்தது (அம்மா சொன்னது): பெரம்பலூர் மண்டியிலிருந்து ஜமால் பாய் சரக்குப் பார்க்க வந்திருக்கிறார். பட்டறை ஓரத்தில் ஒரு கை உருவிப் பார்த்து, திருப்தி. தண்ணீர் குடிக்க வீட்டுக்குள் வந்தவர் கண்ணில் ஜன்னல் பட்டிருக்கிறது.

"என்னண்ணே, நல்லத வெளிய காட்டிட்டு வேர் விட்டத உள்ள ஒளிச்சு வச்சிருக்கீங்க?"

"அது பாப்பா ஏதோ பரீட்சைக்கு வச்சிருக்குது பாய்."

"வெங்காயத்துக்கு என்னண்ணே பரீட்சை?"

பட்டறை நடுவில் பிரித்துக் காட்டச் சொல்லியிருக்கிறார். மழைக் காலத்தில் விற்காத பட்டறையை யார் பிரிப்பார்கள்? "எம் பேச்சு போதாதா?" என்று அப்பாவுக்குக் கோபம். பாய் உருவிய ஒரு கை வெங்காயத்தோடு கிளம்பிவிட்டார். மீதி ஆறையும் அப்பா வேலிக்கு அப்பால் எறிந்துவிட்டார். நான் ஓடிப் பார்த்தபோது ஆடு மென்றுகொண்டிருந்தது, குரோமோசோமோடு.

அப்பாவின் சட்டம்: "இனி இந்த வூட்ல ஒரு வெங்காயம் தண்ணில நிக்கக் கூடாது." சாம்பாருக்கு உரித்ததைக் கழுவ அம்மாவே யோசித்தாள்.

அம்மாவின் போனில் பாயைக் கூப்பிட்டேன். நான்தான் தண்ணீரில் வைத்தேன் என்றேன்.

"வெங்காயத்த எவனாச்சும் தண்ணில வைப்பானா பாப்பா? உங்கப்பா சொல்லச் சொன்னாரா?"

"நீங்களே வச்சுப் பாருங்க. எடுத்துட்டுப் போன காயில பாதி தண்ணில, பாதி பையில. எது வேர் விடுதுன்னு தெரிஞ்சிரும்."

போனை வைத்துவிட்டார்.

அக்டோபர் 9, வியாழன்

வெயில். வேர் இல்லை. அவசரத்துக்கு ரேவதி தன் வீட்டில் தண்ணீரில் வைத்த இரண்டு வெங்காயமும் அழுகல். ஆகவே சார்ட்தான். டி.என்.ஏ. = ஜாக்கெட் தைக்கிற நூல். அது சுற்றிக்கொள்ளும் ஹிஸ்டோன் புரத உருண்டைகள் = ஜவ்வரிசி, மைதாப் பசையில். மாலைக்குள் எறும்பு நான்கு ஹிஸ்டோனைத் தூக்கிப் போய்விட்டது.

அப்பா நின்று பார்த்தார். இரண்டு நாளில் முதல் பேச்சு: "பருத்திக்கு மட்டும் பாக்டீரியா ஜீன் வைக்கிறாங்கல்ல. வேர் விடாத வெங்காயம் ஒண்ணு பண்ணச் சொல்லு உங்க டீச்சர." பிறகு சார்ட்டில் எழுதியிருந்ததைப் படித்துவிட்டு, நகர்ந்துகொண்டே, "பதினாறாம், பதினாறு."

ஏழு மணிக்கு போன். ஜமால் பாய். "தண்ணில வச்சதுல வேர் வந்துருச்சு பாப்பா. பையில வச்சது கம்முனு கெடக்குது."

ஒரு நொடிதான் யோசித்தேன். "பாய், அந்த டம்ளர அரியலூருக்குக் கொண்டு வரீங்களா? காலைல எட்டரைக்குள்ள."

"ஏன், ஒம்போதுக்கு வந்தா ஆகாதா?"

"காலையிலதாங்க செல் நல்லாப் பிரியும்."

"எங்க கடைப் பசங்களே பத்துக்குத்தான் வரானுங்க" என்றார். வருகிறேன் என்று சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை.

அக்டோபர் 10, வெள்ளி

(திரும்பும் பஸ்ஸில். கையெழுத்து ஆடுகிறது.)

காலையில் சிறுவாச்சூர் கோயில் கூட்டம், பஸ்ஸில் ஒற்றைக் காலில் நின்று போனேன். சார்ட்டில் ஒரு பாட்டி சாய்ந்து, மேலும் ஆறு ஹிஸ்டோன் காலி. அரியலூரில் எங்களைச் சுற்றி பதினொரு தெர்மாகோல் குரோமோசோம். எட்டரை. எட்டே முக்கால். டீச்சர் வாசலையே பார்த்தார்.

எட்டு ஐம்பதுக்கு ஜமால் பாய். இரண்டு கையிலும் டீ டம்ளர், தண்ணீர் சிந்தாமல், கல்யாணத்தில் பாயசம் கொண்டுவருகிறவர் மாதிரி. "ஜும்ஆத் தொழுகைக்குள்ள நான் திரும்பணும். சீக்கிரம் காட்டு."

வெட்டினேன், சாயம், கண்ணாடி, கட்டைவிரல். உடையவில்லை. நுண்ணோக்கியில் தேடினேன். குமிழி. குமிழி. பிறகு ஒரு செல்லில், சிவப்பு நூல் துண்டுகளாக.

நிஜமாகவே இருக்கிறது. யாரும் பொய் எழுதவில்லை.

மதிப்பெண் போட வந்த நடுவருக்கு முந்தி பாய் குனிந்துவிட்டார். "என் இமைதான் தெரியுது." பிறகு மண்டிக் கணக்கில், ஒன்றுக்கு 'லாபம்' என்று சொல்லி, எண்ண ஆரம்பித்தார். "லாபம், ரெண்டு, மூணு..." பதினைந்தில் நின்றது. நிமிர்ந்து என்னை முறைத்தார். "ஒண்ணு கொறயுதே."

நடுவர் எழுதுவதை நிறுத்தினார். நுண்ணோக்கியின் திருகைத் துளி அசைத்துப் பார்த்தேன். "ஒண்ணு மேல ஒண்ணு படுத்திருக்குது பாய். இப்பப் பாருங்க."

மறுபடி லாபத்திலிருந்து. பதினாறு.

வெளியே போய் அப்பாவுக்கு போன் போட்டார். நான் டம்ளரைத் திருப்பிக் கொடுக்கிற சாக்கில் பக்கத்தில் நின்றேன். "அண்ணே, நாளைக்கு வண்டி அனுப்புறேன், பட்டறையப் பிரிங்க... பரீட்சைதான், நானும் பாத்துட்டேன்."

அந்தப் பக்கம் அப்பா ஏதோ சொன்னார். பாய் போனைக் கையால் மூடிக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"பதினாறும் இருந்துச்சான்னு கேக்குறாரு."