காலி நாற்காலியின் அளவு

அண்ணா,

உன் நோட்டை இன்று காலை பிரித்தேன். கிரீஸ் வாடை இன்னும் போகவில்லை. நீ வேலை பார்த்த ஹவுரா பட்டறையில் நிற்கும் நம் கேரவனை, ஜீப்பில் மாட்டி இழுக்கும் அந்தக் குட்டி வீட்டை, வாங்க ஒருவர் வந்திருக்கிறார். அங்கிருந்தே போன் செய்து, வங்காளிகள் அக்காவை அழைப்பதுபோல் "தீதி, இதில் எவ்வளவு எடை ஏற்றலாம்?" என்று கேட்டார். பதில் உன் கையெழுத்தில் இருந்தது.

மொத்தம் எழுநூற்றைம்பது கிலோ. கேரவன் மட்டும் ஐந்நூற்றிருபது. மீதி இருநூற்று முப்பதுதான் நமக்கு. "வண்டித் தகட்டுல எடைன்னு போட்டிருக்கறது பூரா சாமானுக்குன்னு நெனச்சுடாதே. வண்டியோட எடையும் அதுக்குள்ளதான்" என்பாய். நீ எடைகளைச் சொல்ல நான் கூட்டுவேன். தண்ணீர் அறுபது லிட்டர் என்றால் அறுபது கிலோ. அப்புறம் படுக்கை, பேட்டரி, அடுப்பு, என் சக்கர நாற்காலி. கிரைண்டரும் வேண்டும் என்றேன். "பத்து கிலோ கிரைண்டரை ஏத்தினா பத்து லிட்டர் தண்ணிய இறக்கணும். இட்லிய முழுங்கிட்டு விக்கிண்டு உக்காந்திருப்பியா?" என்று சிரித்தாய். பின்பக்கம் கனத்தால் ஓட்டத்தில் வண்டி வாலாட்டும் என்று தண்ணீர்த் தொட்டியை முன்னால் தள்ளி வைத்தாய்.

எல்லாம் எனக்காக. பவானிபூரில் லிஃப்ட் இல்லாத மூன்றாம் மாடி வீடு. விபத்துக்குப் பிறகு ஆஸ்பத்திரிக்குத் தவிர நான் கீழே இறங்கியதில்லை. கணக்கு டியூஷனுக்குப் பிள்ளைகள் மேலே வருவார்கள், பஸ் சத்தமும் மேலே வரும். சில நாள் ஜன்னல் கம்பியைப் பார்த்தாலே மூச்சு முட்டும். "ஒரே ஒரு தடவை நாலு பேராத் தூக்கி இறக்கிட்டாப் போதும். அப்புறம் பத்து நாளைக்கு மாடிப்படியே கெடையாது. கடற்கரைல கொண்டு நிறுத்திடறேன்" என்றாய்.

கிளம்பும் நாளன்று தெரு ஆட்கள் மூன்று பேரும் நீயும் என்னைத் தூக்கி இறக்கினீர்கள். முதலாளியிடம் கேட்டு வாங்கிய ஜீப்புக்குப் பின்னால் கேரவன் மாட்டியிருந்தது. நீ போட்ட பலகையில் நானே சக்கரத்தைத் தள்ளி ஏறினேன். கதவில் இரண்டு கைகளும் சிக்கி, விரல் முட்டிகளில் தோல் உரிந்தது. நாற்காலி இருபத்தைந்து அங்குலம், கதவு இருபத்தாறு. நான் கட்டிலில் படுத்திருந்தபோது காலி நாற்காலியை அளந்திருக்கிறாய். சக்கரம் தள்ளும் கைகளுக்கு இடமே விடவில்லை. காலி எடை வேறு, ஏற்றிய எடை வேறு என்று ஓயாமல் சொன்னவன் நீ. சரிபார்த்த நானும் கணக்கு டீச்சர்.

"கைய மடில வெச்சுக்கோ. நான் தள்ளறேன்."

"தள்ளி ஏத்தறதுக்கு நான் சாமான் இல்லே. என்னை மேலே கொண்டு போய் விட்டுடு."

தெருவே வேடிக்கை பார்த்தது. உன் முகம் சுருங்கியதைப் பார்த்தும் நான் பிடிவாதத்தை விடவில்லை. "கதவ வெட்டி அகலமாக்கிடறேன். கொஞ்ச நாள் குடு" என்றாய். அந்தக் கொஞ்ச நாளும் உன்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. பிறகு ஒரு மத்தியானம் பட்டறையிலிருந்து போன் வந்தது. நெஞ்சு வலி என்றார்கள். நீ திரும்பி வரவேயில்லை.

அரை நிமிடம் கையை மடியில் வைத்திருந்தால் நாம் கடலைப் பார்த்திருப்போம். இதை யாரிடமும் சொன்னதில்லை. அன்றைக்கு எனக்கு உன்னைவிட என் ரோஷம் பெரிதாக இருந்தது, அண்ணா.

இன்று போனில், எடைகளைச் சொன்ன கையோடு, நோட்டில் இருந்தபடி கதவு இருபத்தாறு அங்குலம் என்றும் வாங்க வந்தவரிடம் படித்தேன்.

"இல்லை தீதி, டேப் வைத்துத்தான் பார்க்கிறேன். முப்பத்திரண்டு. சட்டத்தை வெட்டிப் புதிதாக வெல்டிங் பண்ணியிருக்கிறார்கள். பெயிண்ட்தான் அடிக்கவில்லை."

கோபமாக இருந்த என்னிடம் சொல்லாமல், நோட்டில்கூடத் திருத்தாமல் வேலையை முடித்திருக்கிறாய். வாய்விட்டு அழுதுவிட்டேன். பாவம், அந்த மனிதர் போனை வைக்காமல் காத்திருந்தார்.

விற்கத்தான் வேண்டும். எனக்காக அதை இழுத்துப் போக யார் இருக்கிறார்கள்? ஆனால் அதற்கு முன்னால் ஒரு தடவை, என் கையாலேயே சக்கரத்தைத் தள்ளிக்கொண்டு அந்தக் கதவுக்குள் போக வேண்டும் என்று அவரிடம் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை வாசலுக்கே கொண்டு வருகிறாராம். போய்ப் பார்த்தபின் எனக்கு மறுபடியும் இதே மூன்றாம் மாடிதான்.

அன்றைக்குத் தூக்கிய மூன்று பேரும் வருகிறார்கள். நாலாவது பக்கத்தைத் தானே பிடிப்பதாக அவர் சொன்னார். வேண்டாம் என்று நாக்கு நுனி வரை வந்தது. அவர் பெயர்கூட எனக்கு இன்னும் தெரியாது. உன் இடத்தில் அவர் கை வைக்கச் சம்மதித்துவிட்டேன், அண்ணா.