நீ அடுக்கிய ஆழியாற்றுக் கற்கள்

கண்ணு,

கையில் பாசி வாசம் இன்னும் போகவில்லை. சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத்தான் சாப்பிட உட்கார்ந்தேன். சோற்றைப் பிசைந்து வாய்க்குக் கொண்டுபோனால் ரசத்தின் மணத்தையும் தாண்டிக்கொண்டு அது வருகிறது. முன்பெல்லாம் மீன்தொட்டியைக் கழுவிய கையோடு வந்து என் தோளில் சாய்வாய். "தள்ளிப் போ கண்ணு, கவிச்சி அடிக்குது" என்று விரட்டுவேன். இன்றைக்குத் தட்டை நகர்த்தி வைத்துவிட்டு, அந்தக் கையை மூக்கருகே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

நீ அடுக்கிய கல்லைக் கலைத்துவிட்டேன். அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். அஞ்சாவதோடு நின்றவள் கையெழுத்து, பொறுத்துப் படி.

அந்த நாலடித் தொட்டியை நீ கூடத்தில் வைத்த புதிதில் எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் சோமனூரிலிருந்து யார் வந்தாலும் முதலில் அதன் முன்னால்தான் கொண்டுபோய் நிறுத்துவேன். ஆப்பிரிக்காவில் ஏதோ ஏரியில் நீந்துகிற மீன் என் மகள் வீட்டில் நீந்துகிறது என்றால் சும்மாவா! ஒருநாள், பாவம், இதுகள் உப்பான போர்த் தண்ணீரில் கிடக்கின்றனவே என்று ஒரு குடம் குடிக்கிற சிறுவாணித் தண்ணீரைத் தூக்கிக்கொண்டு வந்தேன். வேலையிலிருந்து அப்போதுதான் வந்த நீ, செருப்பைக்கூடக் கழற்றாமல் ஓடிவந்து குடத்தைப் பிடித்தாய்.

"ஐயோ அம்மா, ஊத்திப்போடாதீங்க! இதுகளுக்கு உப்புத் தண்ணிதானுங்க ஆகும்."

"நம்ம சிறுவாணி ஆகாத சீவன் ஒண்ணு ஒலகத்துல இருக்குதா?"

"இருக்குதுங்களே. ஏஞ்சல் மீனுக்கு வேணும்னா உங்க சிறுவாணி ஆகும். அதுக ஊரு வேற, இதுக ஊரு வேற. ரெண்டையும் ஒரே தொட்டில உட்டா ஏதோ ஒண்ணு சீக்குல விழும்."

கடையில் நீ மீன் எடுக்கிறதைப் பார்த்தால் யாரோ பெண் பார்க்க வந்தது போல இருக்கும். இது என்ன குணம், வளர்ந்தால் எத்தனை பெரிசாகும், யாரோடு சேரும், யாரைக் கடிக்கும் என்று கடைக்காரப் பாயைக் குடைந்துவிடுவாய். ஒரே சாயலில் இரண்டு வகையை விடக் கூடாது, தன்னைப் போலவே இருப்பதைக் கண்டால்தான் அதற்கு ஆத்திரம் வரும் என்பாய்.

வாங்கி வந்தாலும் நேரே விடமாட்டாய். பையைத் தண்ணீரில் மிதக்கவிடுவாய். பிறகு முழங்கைவரை உள்ளே விட்டு, ஆழியாற்றிலிருந்து என் பழஞ்சேலையில் மூட்டை கட்டிக் கொண்டுவந்தாயே, அந்தக் கற்களையெல்லாம் கலைத்து வேறு மாதிரி அடுக்குவாய். நல்லா இருக்கிறதை எதற்குக் கலைக்கிறாய் என்று கேட்டேன்.

"பழைய மீனு தன்ற பொந்துலயே இருந்தா புதுசை வாழ உடாதுங்கம்மா. அது கெட்ட மீனு இல்லீங்க. அதுக்கு அது ஊடு, அவ்வளவுதான். கல்லை மாத்திட்டா எல்லாத்துக்குமே ஊடு புதுசாயிரும். எடம் தேடற வேலைல சண்டை மறந்து போயிருமுங்க."

ஆஸ்பத்திரியிலிருந்து கடைசியாக வீட்டுக்கு அனுப்பினார்களே, அப்போது தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, ஸ்டூலில் உட்கார்ந்து, மூச்சு வாங்க வாங்க நீ அடுக்கியதுதான் இத்தனை நாளும் இருந்தது. கண்ணாடியைத் துடைப்பேன், தண்ணீர் மாற்றுவேன். கல்லை மட்டும் தொடமாட்டேன். பாசி ஏறிக் கறுத்துப் போனது. போகட்டும் என்று விட்டிருந்தேன்.

வருகிற வியாழக்கிழமை மாப்பிள்ளைக்கு மறுகல்யாணம். நான்தான் பிடிவாதமாகச் சம்மதிக்க வைத்தேன். பொள்ளாச்சிப் பக்கத்துப் பெண். அவளும் ஒருத்தனைப் பறிகொடுத்தவள்தான். "நீங்க எங்கயும் போகக் கூடாதுங்க அத்தை" என்று மாப்பிள்ளை சொல்லிவிட்டார். உன் சித்தி சும்மா இருப்பாளா? "மக போன ஊட்டுல உனக்கென்னக்கா வேலை? வர்றவளைக் கொத்தறதுக்கா? பேசாம பெட்டியைக் கட்டு" என்றாள். எனக்குச் சுருக்கென்றது. ஏனென்றால், அந்தப் பெண் உன் அடுப்படியில் நிற்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்குள் ஒன்று கொத்தத்தான் பார்க்கிறது.

இன்றைக்குக் காலையில் உன் மகள் மித்ரா, "அம்மிச்சி, அவங்க வர்றப்ப தொட்டி காலியா இருந்தா நல்லாவா இருக்கும்?" என்று கடைக்கு இழுத்துப் போனாள். நீ போன பிறகு மிஞ்சியது அந்தப் பெரிய நீல மீனும் சில மஞ்சள் மீன்களும்தான். மஞ்சளில் கறுப்புக் கோடு போட்ட ஒன்றைப் பார்த்து மித்ரா மயங்கினாள். "அது வேண்டாஞ் சாமி. இத்தனூண்டுல அழகா இருக்கும், வளந்தா ரவுடி. நம்ம மஞ்சளுக்கும் அதுக்கும் சாயலும் ஒரே மாதிரி" என்றேன். பாய் சிரித்தார். "அப்படியே அம்மணி பேசற மாதிரியே இருக்குதுங்க" என்றவர், சட்டென்று வலையை எடுக்கத் திரும்பிக்கொண்டார். துரு நிறத்தில் சாதுவான சாதி ஒன்றைக் காட்டினார். ஒன்றிரண்டாக விட்டால் நீலம் ஒன்றையே துரத்திக் கொன்றுவிடும், கூட்டமாக விட்டால் அதன் கோபம் பிரிந்து போகும் என்று ஒரு குடும்பத்தையே பிடித்துப் போட்டார்.

வீட்டில் பை மிதந்தது. நீலம் வெளியிலிருந்து பையை முட்டிக்கொண்டே இருந்தது.

"கல்லை மாத்தோணும் அம்மிச்சி."

"இருக்கட்டும் சாமி, மாத்தலாம்."

காப்பி போட்டேன். காய்ந்த துணியை மடித்தேன். மடித்ததையே பிரித்து மறுபடி மடித்தேன். மித்ரா தொட்டியை விட்டு அசையவில்லை.

"பையில காத்துத் தீந்துபோகும் அம்மிச்சி. நான் மாத்தட்டுங்களா? எனக்கு அடி எட்ட மாட்டீங்குது."

கையை விட்டேன் கண்ணு. தண்ணீர் வெதுவெதுவென்று, ஜுரம் அடித்த உன் உள்ளங்கை போல இருந்தது. ஒவ்வொரு கல்லாக எடுத்தேன். வழுக்கியது. நடுவில் இருந்த தட்டைக்கல், நீ தோசைக்கல் என்று பெயர் வைத்தது, அதைத் தூக்கும்போது மட்டும் "என்னை மன்னிச்சுக்கோ" என்று வாய்விட்டே சொன்னேன். மித்ரா என் இடுப்பைக் கட்டிக்கொண்டாள்.

புது மீன்களை விட்டதும் நீலம் அங்கேயும் இங்கேயும் அலைந்தது. தன் பொந்து இருந்த வெறும் மணலுக்குத் திரும்பத் திரும்ப வந்து நின்றது. புதிதாக வந்த ஒன்று பக்கத்திலேயே நின்றும் அதைக் கடிக்கவில்லை. பார்க்கக்கூட இல்லை. அது நின்ற நிலையைப் பார்த்துத்தான் எனக்கு அழுகை வந்தது.

அழுது முடித்து அடுப்படிக்குப் போனேன். உன் கையால் பெயர் எழுதி ஒட்டிய டப்பாக்களை இடம் மாற்றினேன். பீரோவில் ஒரு பக்கத்தைக் காலி செய்தேன். மாப்பிள்ளையைக் கூப்பிட்டு என் கட்டிலையும் சன்னலோரத்திலிருந்து நகர்த்தச் சொன்னேன். "இது எதுக்குங்க அத்தை?" என்றார். "நானும் எடந் தேடோணுமல்லங்க மாப்ள" என்றேன். அவர் கட்டிலின் மறுபக்கத்தைத் தூக்கினார்.

தோசைக்கல்லை மட்டும் திரும்ப உள்ளே வைக்கவில்லை. என் தலைமாட்டில் இருக்கிறது. காயக் காயப் பாசி வெளுத்துக்கொண்டு வருகிறது.

வியாழக்கிழமை அவள் வாசலில் வந்து நிற்கும்போது சொம்புத் தண்ணீர் கொடுக்க வேண்டியவள் நான். தொட்டிக்கு முன்னால் நின்று சொல்லிப் பார்த்தேன். "உள்ள வா அம்மணி." நம் பக்கம் எல்லாப் பெண்ணுக்கும் சொல்கிற வார்த்தைதானே. அதை அவளுக்குக் கொடுத்துவிடுகிறேன். இந்த வீட்டில் எல்லாவற்றையும் நகர்த்திவிட்டேன்.

உன்னைக் கூப்பிட்ட வார்த்தையை மட்டும் நகர்த்தவில்லை, கண்ணு.